வீட்டுக்குள் ஒரு சபை - 6: ரிசீவரின் முதுகுப்புறம்

ஒலிபெருக்கி எங்கும் பரவாத காலத்தில், சபையின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ரசிகனின் செவிக்கும் நாதம் எட்டவேண்டுமென்று கருதி, நான்கு தந்திப் பிடிலுக்கு ஏழு தந்திகள் பூட்டி வாசித்தவர் மைசூர் டி. சௌடய்யா, அவர் ஞாபகார்த்தமாக மல்லேசுவரத்தில் 1980-இல் பிடில் வடிவிலேயே எழுந்த மண்டபத்தைப் பெங்களூர்வாசிகள் நன்கு அறிவார்கள். மண்டபத்துக்குரிய அந்தக் கவலையைப் பன்னிரண்டடிக் கூடத்துக்கும் சுமந்துகொண்டு, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் வாங்க எஸ்.பி. ரோட்டுக் கடைகளின் நெரிசலில் "எத்தனை வாட்ஸ்?" என்ற ஒரே வினாவோடு நாம் நிற்பதுதான் விசித்திரம்.

கேட்பவனுக்குத் தக்க விடையை அட்டைப்பெட்டி தயாராக வைத்திருக்கிறது. பி.எம்.பி.ஓ. 3,000 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கண்சிமிட்டும் நேரமும் நிலைக்காத ஓர் உச்சத்தைத் தாராள மனத்தோடு பெருக்கியெழுதிய அந்த எண்ணுக்குப் பொது நியமம் ஏதுமில்லை. சாதனத்தைத் திருப்பி முதுகுப்புறத் தகட்டைப் பாருங்கள்; அது உட்கொள்ளும் மின்சாரம் 60 வாட் என்று அங்கே சிறிய எழுத்தில் இருக்கலாம். தான் வாங்காத சக்தியைத் தானமாக வழங்கும் யந்திரம் உலகில் இல்லை. ஆர்.எம்.எஸ். என்ற அளவு இதைவிட யோக்கியமானது. ஆயினும் ஒரே சேனலை மட்டும் 10 சதவீதச் சிதைவு வரை முடுக்கி அளந்த 150 வாட்டைவிட, இரு சேனல்களையும் ஒருங்கே இயக்கி 0.08 சதவீதத்துக்குள் அளந்த 80 வாட்டையே நான் மதிப்பேன்.

ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 88 டெசிபல் என்றால், ஒரு வாட் செலுத்தினால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சப்தம் கிடைக்குமென்று பொருள். உரத்த பேச்சைக்காட்டிலும் அது பலமானது. வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். இரு மடங்கு உரப்பாகச் செவிக்குத் தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 80-க்கும் 100-க்கும் உள்ள பேதத்தைப் பணப்பை உணருமளவு காது உணராது. சேனல்களின் எண்ணிக்கையாக அட்டைப்பெட்டியில் காணும் 5.1 என்பதிலுள்ள அந்தப் புள்ளி ஒன்று, 120 ஹெர்ட்ஸுக்குட்பட்ட அடித்தொனிக்கு மட்டும் ஒதுக்கிய சேனல். அதனால்தான் அதை முழு ஒன்றாக எண்ணுவதில்லை. (இவற்றோடு பிணைந்த டால்பி என்ற பெயருக்குரிய ரே டால்பி, 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக நம் நாட்டில் பணிபுரிந்த பிறகே லண்டனில் தம் ஆய்வுக்கூடத்தைத் துவக்கினார்.)

அபாயமெல்லாம் முதுகுப்புறத்தில்தான். ஸ்பீக்கர் முனைகளருகே எழுதியிருக்கும் ஓம் அளவு எவரையும் கவர்வதில்லை. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே முனையில் இணையாகப் பூட்டினால் சுமை 4 ஓமாக இறங்கி, மின்னோட்டம் இரட்டித்து, ரிசீவர் கொதித்து, பாதுகாப்புச் சுற்று இயங்கித் தானே அணைந்துவிடும். அது பழுதன்று, தற்காப்பு. ரிசீவரின் மேற்பலகைமீது செட்டாப் பெட்டியை ஏற்றி, கண்ணாடிக் கதவிட்ட ஷோகேஸுக்குள் பூட்டிவைப்பவர்கள் அதே கொதிப்பை வேறு வழியில் வரவழைக்கிறார்கள். வயரின் செப்பு இழை ஒன்று பக்கத்து முனையைத் தொட்டாலும் வெளியீட்டுப் பகுதி கருகக்கூடும். ஆகையால் பிளக்கைப் பிடுங்கிய பின்னரே வயரைத் தொடவேண்டும். மூடியைத் திறப்பதோ கூடவே கூடாது. மின்சாரம் நின்ற பிறகும் உள்ளிருக்கும் கெபாசிட்டர்கள் சக்தியைத் தேக்கிவைத்திருக்கும்.

பெங்களூருக்கே உரிய ஆபத்து ஒன்றுண்டு. அமெரிக்காவில் சில வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு ஒயிட்ஃபீல்டுக்குத் திரும்புகிற மென்பொருள் குடும்பங்கள், அங்கே வாங்கிய ரிசீவரையும் மூட்டை கட்டிக் கொண்டுவருகின்றன. தகட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருக்குமாயின், அடாப்டர் மட்டும் போதாது; அது பிளக்கின் வடிவத்தை மாற்றுமேயன்றி வோல்ட்டேஜை மாற்றாது. நம் 230 வோல்ட்டில் அதைச் செருகிய கணமே பியூஸ் போவது அதிர்ஷ்டம், டிரான்ஸ்ஃபார்மர் போவது வழக்கம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைத் தகட்டிலுள்ள வாட்டைவிடத் தாராளமான வி.ஏ. திறனில் வாங்கவேண்டும், அப்போதும் 50 ஹெர்ட்ஸில் சில சாதனங்கள் சற்றுக் கூடுதலாகவே சூடேறும்.

சித்திரை வைகாசியில் மாலைதோறும் இடி முழங்கும் ஊர் இது. ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக்கையும் கேபிள் வயரையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

அடித்தொனியை ஒலிக்கும் சப்-ஊஃபரை எந்த மூலையில் வைப்பது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)