காதடியில் ஒரு கட்டி

குழந்தைக்குக் கன்னம் வீங்கினால் நம் வீட்டுப் பாட்டிமார் ‘பொன்னுக்கு வீங்கி’ என்று சொல்லித் தங்கச் சங்கிலி ஒன்றைக் கழுத்தில் போட்டுவிடுவார்கள். பொன்னின் மகிமையோ, நாள் கடந்ததன் மகிமையோ, வீக்கம் வற்றிவிடும். ஆனால் வயது வந்த ஒருவருக்கு, கர்ணன் குண்டலம் அணிந்த இடத்திற்குச் சற்றுக் கீழே, வலியே இல்லாமல் ஒரு கட்டி வருஷக்கணக்காக வளர்ந்தால் என்ன செய்வது? (அஸ்தினாபுரத்து நேயர்கள் கர்ணனை இழுத்ததற்குக் கோபிக்க மாட்டார்கள்.)

வீட்டார் மனம் உடனே அடையாற்றை நினைத்து நடுங்கும். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அங்கே புற்றுநோய் நிலையம் ஏற்பட்டதல்லவா? ஆனால் காதடிக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. அவற்றுள் மிக அபூர்வமான ஒரு வகையைப் பற்றியே நாம் இங்கே சொல்ல வந்தோம்.

காதின் முன்னும் கீழுமாக உமிழ்நீர்ச் சுரப்பி ஒன்று இருக்கிறது. முகத்தை அசைக்கும் நரம்பு அதற்குள் புகுந்து ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. கண்ணை மூடுவதும், புன்னகை புரிவதும், வாயில் விட்ட காபி வழியாமல் நிற்பதும் அந்தக் கிளைகளின் தயவு. நரம்பைப் போர்த்திருக்கும் உறைக்கு உரிய அணுக்களை ஜெர்மானிய சாஸ்திர நிபுணரான தியோடர் ஷ்வான் 19-ஆம் நூற்றாண்டில் கண்டறிந்தார். அவ்வணுக்கள் அளவுமீறிப் பெருகித் திரள்வதே ‘ஷ்வானோமா’. அது சாதுவான கட்டி, மெள்ள வளரும், புற்றாக மாறுவது வெகு அருமை.

பின் ஆபத்து எங்கே? கத்தியில்தான்! முகத்தில் கோணல் இல்லாததால், இது சாதாரணச் சுரப்பிக் கட்டி என்றே தோன்றிவிடும். ஊசி குத்தி எடுத்துப் பார்க்கும் பரீட்சையும் பல சமயம் தெளிவாகச் சொல்வதில்லை. திறந்து பார்த்தால் கட்டியும் நரம்பும் ஒன்றாயிருக்கும். அவசரப்பட்டு அறுத்தெடுத்தால் நோயில்லாத முகம் ஒரு புறம் தொங்கிவிடும், கண் மூடாது. வேறிடத்து நரம்பை எடுத்து ஒட்டலாம். ஆயினும் பழைய சிரிப்பு முழுதும் திரும்புவதில்லை.

ஆகவே, முகம் நன்றாக அசையும்போது கட்டியை அப்படியே விட்டு, அவ்வப்போது எம்.ஆர்.ஐ. படம் எடுத்துக் கவனித்து வருவதையே நிபுணர் பலர் இன்று விரும்புகிறார்கள். கட்டி பெருத்தாலோ, முகம் தளர்ந்தாலோ, சந்தேகம் தோன்றினாலோ கத்தியை எடுக்கலாம். இதைச் சோம்பல் என்று நாம் நினைக்கவில்லை. கை தேர்ந்தவருக்கே வரும் பொறுமை இது.

குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி; காது, மூக்கு, தொண்டைப் பகுதி அங்கே உண்டு. எந்த டாக்டரிடம் போனாலும் சரி, சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “திறந்த பிறகு இது நரம்பிலிருந்து வந்த கட்டி என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?”