ஜீப்பை தூக்கினால் மட்டும் மலை ஏறுமா? டயர், கியர் மாற்றும் முன் இதை படிங்க

போடி:

மலை ஜீப் வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "வண்டியை எத்தனை இஞ்ச் தூக்கலாம்?" என்பதுதான். ஆனால் முதலில் கேட்க வேண்டியது டயரை பற்றி.

தேனி மாவட்டத்தில் உள்ள கொழுக்குமலை சுமார் 7,900 அடி உயரம். நம்ம மாவட்டம்தான் என்றாலும், வண்டியில் போக கேரளாவில் உள்ள சூரியநெல்லி வழியாக கரடுமுரடான ஜீப் பாதையில்தான் ஏற வேண்டும். பின்சீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை போய் வந்தால், உடம்பில் எத்தனை எலும்பு என்று டாக்டர் சொல்லாமலே தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட பாதையில் பாறையில் முதலில் முட்டுவது பெரும்பாலும் பாடி இல்லை. ஆக்சில் நடுவே உருண்டையாக தொங்குகிறதே, அந்த டிபரன்ஷியல்தான். ஸ்பிரிங்கை உயர்த்தினால் ஆக்சிலுக்கு மேலே இருப்பது எல்லாம் உயரும். டிபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த பெரிய டயர் ஒன்றுதான் வழி. அதிலும் டயர் 2 இஞ்ச் பெரிதானால் டிபரன்ஷியல் உயர்வது 1 இஞ்ச் மட்டுமே.

டயர் கணக்கு

டயர் பக்கவாட்டில் 235/70 ஆர் 16 என்று போட்டிருந்தால், அகலம் 235 மில்லி மீட்டர். பக்க உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 164.5. இதை இரண்டால் பெருக்கி, 16 இஞ்ச் ரிம்மை கூட்டினால் மொத்தம் 735 மில்லி மீட்டர். ஏறக்குறைய 29 இஞ்ச். வாங்கப்போகும் டயருக்கும் இதே கணக்கை போட்டு பார்த்துவிட்டு காசை எடுங்கள்.

பட்டன் பெரிது பெரிதாக இருக்கும் மட் டயர் சேற்றில் ராஜா. ஆனால் நனைந்த தார் ரோட்டிலும் வழுக்கு பாறையிலும் பிடிப்பு குறையும், சத்தமும் காதை பிளக்கும். பாதி தார் ரோடு, பாதி மலைப்பாதை என்று ஓட்டுகிறவர்களுக்கு ஆல் டெரெய்ன் டயரே போதும். பார்க்க கெத்தாக இருக்காது, அவ்வளவுதான்.

இறக்கத்தில்தான் ஆபத்து

பெரிய டயர் போட்டால் ஏற்றத்தில் வண்டி திணறும். அது எல்லோருக்கும் தெரியும். இறக்கத்தில் நடப்பதை பலர் யோசிப்பதில்லை. மலை இறங்கும்போது சின்ன கியரில் இன்ஜினே வண்டியை பிடித்து நிறுத்தும். டயர் பெரிதாக பெரிதாக அந்த பிடி தளரும். மொத்த பாரமும் பிரேக் மீது விழும். பிரேக் சூடேறி, கருகல் வாடை அடித்து, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. பின்னால் ஆறு பேர் உட்கார்ந்திருக்கும்போது இது விளையாட்டு இல்லை.

இதற்கு மருந்து கிரவுன் பினியன். பழைய ஜீப்களில் பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 39 பல் உள்ள செட் உண்டு. 8-க்கு 43 பல் செட்டும் உண்டு. 29 இஞ்ச் டயரும் 39 பல்லும் இருக்கும் வண்டிக்கு 32 இஞ்ச் டயர் போட்டால், 43 பல் செட்டுக்கு மாற்றினால் இழுவை கிட்டத்தட்ட பழையபடி ஆகிவிடும். மாற்றாமல் ஓட்டினால் ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது வண்டி 55-ல் போய்க்கொண்டிருக்கும்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். 4 வீல் வண்டியில் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டிலும் ஒரே பல் கணக்கு இருக்க வேண்டும். செலவு டபுள்தான். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு 4 வீல் போட்டால் இரண்டு ஆக்சிலும் ஒன்றை ஒன்று இழுத்து கியர் பாக்ஸ் உடையும். டயர் 1 இஞ்ச்தான் கூடுகிறது என்றால் கிரவுனில் கை வைக்க அவசியமே இல்லை.

எவ்வளவு தூக்கலாம்?

புது டயர் மட்காட்டில் உரசாத அளவுக்கு தூக்கினால் போதும். உயர உயர வண்டியின் பாரமும் மேலே ஏறும். சாய்வான பாதையில் கவிழும் பயம் கூடும்.

பட்டை ஸ்பிரிங் வண்டியில் நீளமான ஷாக்கிள் போட்டு தூக்குவது மலிவு. ஆனால் முன் ஆக்சில் சாய்வு மாறி ஸ்டீயரிங் அலையும். நல்ல பட்டை செட் போடுவதே மேல். வேலை முடிந்ததும் பாடியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை தொங்க விட்டு பிரேக் ஹோஸை பாருங்கள். கம்பி மாதிரி விறைத்து நின்றால் நீள ஹோஸ் வாங்கி மாட்டாமல் வண்டியை எடுக்காதீர்கள். புரொப்பல்லர் ஷாப்ட் செங்குத்தாக சாய்ந்தால் கிராஸ் சீக்கிரம் போகும். அதையும் படுத்து பார்த்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்திலும் சிக்கல் வரும். எனவே அதே மாடலில் கம்பெனியே கொடுக்கும் பெரிய டயர் சைஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2020 தார் ஜீப்பில் 245/75 ஆர் 16, 255/65 ஆர் 18 என இரண்டு சைஸ் கம்பெனியிலேயே வந்தது.

டயர் வாங்கும்போது நாலு வாங்காமல் ஐந்தாக வாங்குங்கள். ஸ்டெப்னி மட்டும் பழைய சைஸில் கிடந்தால், நடுக்காட்டில் பஞ்சர் ஆகும் அன்று அதை மாட்டிக்கொண்டு 4 வீல் போட முடியாது.