சில ரூபாய் ரப்பர் வளையமும் 43 பவுண்ட் பெட்ரோலும்

மருந்தடிக்கும் ஸ்பிரேயரை முதுகில் சுமந்தவர்களுக்கு கார் இன்ஜெக்டரைப் பற்றிப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. கையால் அடிக்க அடிக்க டேங்க்கில் அழுத்தம் ஏறும். விசையை அமுக்கினால் நாசில் வழியாக மருந்து பனிபோலப் பறக்கும். நாசிலில் தூசி அடைத்தால் பனி போய்ப் பீய்ச்சல் வரும். ஒரு செடி நனையும், பக்கத்துச் செடி காயும். விசைக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டால் மருந்து பயிருக்குப் போகாமல் அடிப்பவரின் கையில் வழியும். கூலியாளின் கையெல்லாம் அரிப்பெடுத்த பிறகும் அந்த வளையத்தை மாற்றித் தராத நிலக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெட்ரோல் காரின் பானெட்டுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். அங்கே வழிவது பெட்ரோல், பக்கத்தில் இருப்பது கொதிக்கிற என்ஜின். அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் பக்கத்து ஒர்க்ஷாப்புகளுக்கு இன்ஜெக்டர் வந்து சேர்ந்தது பழைய கார்களின் வழியாகத்தான். 1998-ல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி வெளிவந்த சான்ட்ரோ, கார்புரேட்டர் இல்லாமல், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தனி இன்ஜெக்டருடன் வந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக மாருதி 800 உட்பட மற்ற பெட்ரோல் கார்களும் அந்த வழிக்கே வந்தன. நகரத்தில் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடி முடித்த பிறகு, மூன்றாம் கை நான்காம் கை மாறி, அவை நம் ஊர்களுக்கு வருகின்றன. தாட்கோ கடனிலோ மைத்துனரிடம் கைமாற்று வாங்கியோ ஒரு பழைய காரை எடுத்து, கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகை ஓட்டும் இளைஞர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கார் நின்றால் அந்த வீட்டில் அடுப்பும் நிற்கும்.

வண்டி மாறிவிட்டது, கைப்பழக்கம் மாறவில்லை. டேங்க்கில் ஒழுகினால் குளிக்கிற சோப்பைத் தேய்த்து அடைப்பது நம் பழைய வைத்தியம். சோப்பு பெட்ரோலில் கரையாது என்பதால் அது சிறிது நேரம் தாங்கவும் செய்யும். கார்புரேட்டர் காலத்துக் குழாயில் பெட்ரோலின் அழுத்தம் நான்கைந்து பவுண்ட்தான். இன்ஜெக்டர் காரில் டேங்க்குக்குள்ளேயே மின்சார பம்ப் இருக்கிறது. அது பெட்ரோலைத் தள்ளிவந்து, இன்ஜெக்டர்கள் வரிசையாகச் செருகப்பட்ட ஒரு குழாயில் நிறுத்திவைக்கிறது. மெக்கானிக்குகள் ரெயில் என்பது இந்தக் குழாயைத்தான். அதற்குள் இருக்கும் அழுத்தம் பெரும்பாலான கார்களில் சுமார் 3 பார். டயர்க் கடைக் கணக்கில் சொன்னால் 43 பவுண்ட். கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்றே 30, 33 பவுண்ட்தான். இந்த இடத்தில் சோப்பும் நிற்காது, நூல் சுற்றிய ஷெல்லாக்கும் நிற்காது.

ரெயிலைக் கழற்றி மாட்டும் வேலை பெரும்பாலும் ஹெல்பர் தலையில்தான் விழுகிறது. யார் வீட்டுப் பிள்ளைகள் ஹெல்பராக வருகிறார்கள் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்போடு நின்றவர்கள், காலனித் தெருவிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள். வேலையைக் கைக்குப் பழக்கிவிடுவார்கள். ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். கேட்டால், பார்த்துக் கத்துக்கோ என்பார்கள். பெட்ரோல் வேலையில் பார்த்துக் கற்றுக்கொள்வது போதாது. அதனால்தான் இந்த வாரம் ஒரு ரப்பர் வளையத்தைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், இன்ஜெக்டர்தான் பழுது என்று எப்படித் தெரியும்? வண்டி மிஸ் அடிக்கும், சும்மா நிற்கும்போது குலுங்கும், பிக்கப் இருக்காது. ஆனால் பிளக், காயில் கெட்டாலும் இதே குறிகள்தான் வரும். அவற்றைப் பார்க்காமல் நேரே இன்ஜெக்டர் வாங்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். ஓடுகிற என்ஜினில் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை ஒவ்வொரு இன்ஜெக்டர் மீதும் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டால் டிக் டிக் என்று சத்தம் வரும். வராத இடத்தில் சந்தேகப்படலாம். வண்டியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, மல்டிமீட்டரில் இன்ஜெக்டரின் இரு முனைகளை அளந்தால் இவ்வகைக் கார்களில் பொதுவாக 12 முதல் 16 ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பிச்சுருள் அறுந்துவிட்டது என்று பொருள். வெறும் அடைப்பென்றால் சுத்தம் செய்தே தப்பிக்கலாம்.

புதிது வாங்கும்போது பழையதன் உடம்பில் பொறித்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். நிறமும் உருவமும் ஒத்திருப்பது போதாது. நான்கும் ஒரே அளவாகப் பெட்ரோல் விட வேண்டும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் நான்கு சிலிண்டரின் புகையையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. எது கூடுதலாகக் குடிக்கிறது, எது பட்டினி கிடக்கிறது என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது.

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியதுதான் உயிர் காக்கும் வேலை. என்ஜின் நன்றாக ஆற வேண்டும். பெட்ரோல் மூடியைத் திறந்து டேங்க்கில் தங்கிய ஆவியை விட வேண்டும். பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தால், ரெயிலில் மிச்சமிருப்பதைக் குடித்துவிட்டுத் தானாக நிற்கும். இன்னும் இரண்டு முறை செல்ஃப் அடித்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். இதைச் செய்யாமல் ஸ்பேனரைப் போட்டால் 43 பவுண்ட் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். செய்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். எனவே ஹோஸைக் கழற்றும்போது துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சர்வீஸ் குழிக்குள் இறங்கித் தங்கும். பக்கத்தில் வெல்டிங், பீடி, தொங்கவிடும் குண்டு பல்பு எதுவும் கூடாது. எல்இடி டார்ச் போதும். தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றினால் எரியும் பெட்ரோல் அதன் மேல் மிதந்து பரவும். மணல் வாளியும் பவுடர் அணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இதை வாங்கி வைப்பது முதலாளியின் பொறுப்பு, ஹெல்பரின் பொறுப்பு அல்ல.

இன்ஜெக்டர்களைச் சுற்றிய அழுக்கைக் காற்றடித்து ஊதிவிட்டு, ஒயர்களில் ஒன்று, இரண்டு என்று அடையாளம் போட்டு, போல்ட்டைக் கழற்றி ரெயிலை நேராகத் தூக்கினால் இன்ஜெக்டர்களும் கூடவே வரும். திறந்த ஓட்டைகளை மூட பனியன் வேஸ்ட் வேண்டாம். அதன் நூல் உள்ளே போகும். நூல் உதிராத சுத்தமான துணி வேண்டும்.

ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் மேலே ஒரு ஓ ரிங், கீழே ஒரு ரப்பர் வளையம். மேல் வளையம் பெட்ரோல் வெளியே வராமல் காக்கிறது. கீழ் வளையம் வெளிக்காற்று என்ஜினுக்குள் போகாமல் காக்கிறது. கீழ் வளையம் கெட்டால் கணக்கில் வராத காற்று உள்ளே போய் ஐடிலிங் ஏறி இறங்கும். மேல் வளையம் கெட்டால் சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும். பழைய வளையத்தை மறுபடி போடவே கூடாது. பல ஆண்டுச் சூட்டில் அது கெட்டித்துப்போய், விட்ட இடத்தை நிரப்பும் குணத்தை இழந்திருக்கும். சூட்டில் மட்டுமல்ல, குளிரிலும் ரப்பர் விறைக்கும். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்ததற்குக் காரணம் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ஓ ரிங்தான். குளிரில் அது தாங்காது என்று ரோஜர் பாய்ஸ்ஜோலி உள்ளிட்ட பொறியாளர்கள் முந்தைய நாள் இரவே வாதாடினார்கள். அவர்களின் மேலதிகாரிகள் கேட்கவில்லை. வேலையைத் தொட்டுச் செய்கிறவனின் சொல்லுக்கு அமெரிக்காவிலும் அவ்வளவுதான் மதிப்பு.

மேல் வளையத்தைக் கழற்றும்போது ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. சில சமயம் பழைய வளையம் இன்ஜெக்டரோடு வராமல் ரெயிலின் வாய்க்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் புது வளையத்தோடு புது இன்ஜெக்டரைச் செருகினால் வளையத்தின் மேல் வளையம் ஏறி, இரண்டுமே சரியாக உட்காராது. எட்டு வளையம் கழற்றினோமா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் புதியதைத் தொட வேண்டும். ரெயிலின் வாயில் கீறலோ துருவோ இருந்தால் எந்த வளையமும் அதை அடைக்காது. அங்கே உப்புத்தாளைத் தேய்ப்பது பழுதைப் பெரிதாக்கும். ரெயிலைத்தான் மாற்ற வேண்டும்.

புது வளையம் அந்தக் காருக்குரிய அளவிலும், பெட்ரோலைத் தாங்கும் ரப்பரிலும் இருக்க வேண்டும். குழாய்க்குப் போடும் வாசரை அளவு ஒத்துப்போகிறதென்று இங்கே போட்டால் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று அரசே சொல்லியிருக்கிறது. ஆகவே கடையில் விட்டான் என்று கேட்டு வாங்குங்கள். ஃப்ளூரோகார்பன் ரப்பருக்குக் கடைக்காரர்கள் பழகிய பெயர் அது. விலை கூடினாலும் சில பத்து ரூபாய்தான்.

மாட்டும்போது வளையத்தில் சுத்தமான என்ஜின் ஆயில் ஒரு சொட்டுத் தடவ வேண்டும். உலர்ந்த ரப்பரைத் திணித்தால் விளிம்பு மடங்கி அறுபடும். சிலிக்கான் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். ஒழுகக் கூடாதே என்று நல்லெண்ணத்தில் பூசுகிறார்கள். பெட்ரோல் பட்டு அது இளகி, துண்டு துண்டாகி, புது இன்ஜெக்டரின் மயிரிழை ஓட்டைகளையே அடைக்கும். அடைக்க வேண்டியது வளையம் மட்டும்தான். இன்ஜெக்டரை நேராக வைத்து லேசாகத் திருகியபடி ரெயிலுக்குள் அழுத்தி, கிளிப் பள்ளத்தில் விழுந்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு நான்கையும் ஒரே நேரத்தில் ஓட்டைகளில் இறக்கி, போல்ட்டை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். அந்த நிலையில் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் திருப்பிப் பாருங்கள். சீராகத் திரும்பினால் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறது. இறுகித் தடுத்தால் எங்கோ மடங்கியிருக்கிறது. கழற்றி, புது வளையம் போட்டு மாட்ட வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்கிற ஹெல்பர்கள் மிகக் குறைவு. அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

இங்கே சொன்னதெல்லாம் பழைய பெட்ரோல் கார்களுக்கு. டீசல் காமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். அங்கே ஊசியளவு கசிவும் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். விரல் வைத்துப் பார்க்கும் வேலை அங்கே கூடாது.

பெட்ரோலில் கை கழுவுவதையும் விட வேண்டும். அதில் உள்ள பென்சீன் புற்றுநோய் தரக்கூடியது. சோப்பும் மரத்தூளும் போதும். இன்னொன்று, 14 வயதுக்கு உட்பட்டவரைக் கூலிக்கு வைக்கக் கூடாது, 18 வயதுக்கு உட்பட்டவரை எளிதில் தீப்பற்றும் பொருளோடு புழங்கும் வேலையில் வைக்கக் கூடாது என்கிறது 2016-ல் திருத்தப்பட்ட சட்டம். லீவு நாளில் பையனை ஒர்க்ஷாப்பில் விடும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்தவனுக்கு ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் என்ற இரண்டு ஆண்டுப் படிப்பு இருக்கிறது. காரணத்தோடு வேலை கற்க அது நல்ல வழி.

எல்லாம் மாட்டியதும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஃபியூஸையும் பேட்டரியையும் இணைத்து, சாவியை இக்னிஷன் வரை மட்டும் திருப்பி இரண்டு மூன்று நொடி விடுங்கள். பம்ப் ஓடி ரெயிலில் அழுத்தம் ஏறும். அணைத்துவிட்டு மறுபடி திருப்புங்கள். மூன்று நான்கு முறை செய்த பிறகு டார்ச் அடித்து, உலர்ந்த காகிதத்தால் ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றிப் பாருங்கள். காகிதம் நனைந்தால் செல்ஃப் அடிக்காமல் திரும்பக் கழற்றுங்கள். நனையாவிட்டால் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு இன்னொரு முறை பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியை மறுநாள் காலை எடுக்கும் முன், பானெட்டைத் திறந்து மோந்து பார்க்கச் சொல்லி வண்டிக்காரரை அனுப்புங்கள். வாடை வந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். போன் செய்தால் போதும், ஸ்பேனரோடு நீங்கள் போங்கள்.