மியூசின்: மறுநிகழ்வால் இயங்கும் புரதம்

மனித உடலின் வெளிப்பரப்பைத் தடித்து உலர்ந்த தோல் காக்கிறது. மூச்சுக்குழாய், இரைப்பை, குடல், கண்ணின் முன்பரப்பு, கருப்பைவாய் முதலிய பரப்புகளோ காற்றையும் உணவையும் நீரையும் நேரடியாக எதிர்கொண்டு செயற்பட வேண்டியிருப்பதால், எப்போதும் ஈரமாகவும் மென்மையாகவும் இருந்தாக வேண்டியவை. ஈரமும் வெப்பமும் நிலவும் இடம் நுண்ணுயிரிகளுக்கும் உகந்த இடம் என்பதால், அங்கே தோலுக்கு மாற்றாக வேறொரு காவல் தேவைப்படுகிறது. அந்தக் காவலே சளிப்படலம். எடையில் சுமார் 95 விழுக்காடு நீராகவே உள்ள இப்படலம், நீரைப் போல வழிந்தோடிவிடாமல் பசைத்தன்மையோடு பரப்பில் தங்கி நிற்பதற்குக் காரணம், அதில் சிறிய அளவில் கலந்திருக்கும் மியூசின் என்னும் புரத வகையாகும்.

மனிதரிடம் ஏறத்தாழ இருபது மியூசின் மரபணுக்கள் உள்ளன. அவை மியூசின் 1, மியூசின் 2 என எண்ணிட்டு வழங்கப்படுகின்றன. அவற்றுள் ஒரு பிரிவு, செல்லுக்கு வெளியே சுரக்கப்பட்டுப் பசையாக விரிபவை: குடலில் மியூசின் 2, மூச்சுக்குழாயில் மியூசின் 5ஏசி, மியூசின் 5பி, இரைப்பையில் மியூசின் 5ஏசி, மியூசின் 6 ஆகியவை இத்தகையவை. மற்றொரு பிரிவு, செல்லின் சவ்வில் ஒரு முனை ஊன்றியிருக்க, மறு முனை வெளியே நீண்டு நிற்பவை. மியூசின் 1, மியூசின் 4, மியூசின் 16 ஆகியவை இப்பிரிவில் அடங்கும். இரு பிரிவுக்கும் பொதுவான அடையாளம் ஒன்று உண்டு: ஒரே அமினோ அமில வரிசை புரதத்தின் நடுப்பகுதியில் திரும்பத் திரும்ப அமைந்திருப்பது. மியூசின்களின் வலிமை, அவற்றின் மரபணுக்களில் காணப்படும் மாறுபாடு, அவற்றால் விளையும் சில நோய்கள் நெடுங்காலம் பிடிபடாமல் இருந்தமை ஆகிய மூன்றுக்கும் இந்த மறுநிகழ்வே வேராக உள்ளது.

சர்க்கரை சுமக்கும் புரதம்

பெரும்பாலான புரதங்கள் அமினோ அமிலச் சங்கிலியாக உருவான பின் மடிந்து சுருண்டு ஒரு குறிப்பிட்ட வடிவம் பெற்றுச் செயற்படுகின்றன. மியூசினின் நடுப்பகுதி அவ்வாறு மடிவதில்லை. அங்கே புரோலின், த்ரியோனின், செரின் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் மிகுந்துள்ளன; இவற்றுள் புரோலின் சங்கிலி இறுக்கமாகச் சுருள்வதைத் தடுக்க, த்ரியோனினும் செரினும் தம்மிடமுள்ள ஆக்சிஜன் அணுவின் வழியாகச் சர்க்கரை மூலக்கூறுகளைத் தாங்கும் இடங்களாகின்றன. மியூசின் 1இல் மறுநிகழும் அலகு 20 அமினோ அமிலங்களால் ஆனது. அதில் சர்க்கரை ஏறத்தக்க இடங்கள் ஐந்து. குடலின் மியூசின் 2இல் மிகுதியாக மறுநிகழும் அலகு 23 அமினோ அமிலங்களைக் கொண்டது. அவற்றுள் 14 த்ரியோனின்களே. இத்தகைய அலகு பல பத்து முறை அடுத்தடுத்து வரும்போது, சர்க்கரை தாங்கும் இடங்கள் நூற்றுக்கணக்கில் பெருகிவிடுகின்றன.

செல்லின் உள்ளே கோல்கை உறுப்பு எனப்படும் பகுதியில் இவ்விடங்களில் முதலில் ஒரு சர்க்கரையும், அதன் மேல் அடுத்தடுத்த சர்க்கரைகளும் கிளைவிட்டு ஏற்றப்படுகின்றன. இச்செயல் சர்க்கரையேற்றம் எனப்படும். முழுமையாக உருவான மியூசினின் எடையில் பாதிக்கும் மேலான பங்கு சர்க்கரையே ஆகும். சர்க்கரைக் கிளைகள் நாற்புறமும் நெருக்கமாக நீட்டிக்கொண்டிருப்பதால், புட்டி கழுவும் தூரிகையைப் போன்ற தோற்றம் மூலக்கூறுக்கு அமைகிறது. கிளைகளின் நுனியில் பெரும்பாலும் சயாலிக் அமிலமோ சல்ஃபேட்டோ இருப்பதால் அவை எதிர்மின் தன்மை உடையவை. ஒன்றையொன்று விலக்கி மூலக்கூறை விறைப்பாக நீட்டி வைப்பதோடு, நீரையும் ஈர்த்துப் பிடித்துக்கொள்கின்றன.

பசையாகும் மியூசின்களின் இரு முனைகளிலும் சிஸ்டீன் என்னும் கந்தகம் கொண்ட அமினோ அமிலம் மிகுந்துள்ளது. இரு சிஸ்டீன்களின் கந்தக அணுக்கள் பிணைந்து உருவாகும் டைசல்ஃபைடு பிணைப்பின் வழியாக மூலக்கூறுகள் முனையோடு முனை சேர்ந்து பெரும் வலையாகின்றன. இவ்வலை, கோப்பைச் செல்கள் எனப்படும் சுரப்புச் செல்களின் நுண்ணிய பைகளில், கால்சியம் அயனிகளின் துணையோடும் சற்றே அமிலத்தன்மை நிலவும் சூழலிலும் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். பை திறந்து மியூசின் வெளியேறியதும், சுற்றிலுமுள்ள பைகார்பனேட் அமிலத்தன்மையைக் குறைத்துக் கால்சியத்தை அகற்ற, வலை நீரை உறிஞ்சிப் பருமனில் நூறு மடங்குக்கும் மேலாக விரிகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபு நோயில், குளோரைடையும் பைகார்பனேட்டையும் செல்லிலிருந்து வெளியேற்றும் கால்வாய்ப் புரதம் பழுதாவதால், இந்த விரிவு முழுமையாக நிகழாமல் சளி கெட்டிப்பட்டு நுரையீரலிலும் கணைய நாளங்களிலும் அடைத்துக்கொள்கிறது. மியூசின் மரபணுவில் எவ்விதக் குறையும் இல்லாதபோதும், அது விரிய வேண்டிய சூழல் கெட்டாலே நோய் உண்டாகும் என்பதற்கு இது சான்று.

சளியை இளக்கும் மருந்துகளில் ஒன்றான அசிட்டைல்சிஸ்டீன், மேற்கூறிய டைசல்ஃபைடு பிணைப்புகளை அறுத்து வலையைத் தளர்த்துகிறது. இருமல் மருந்துகளில் பரவலாக இடம்பெறும் புரோம்ஹெக்சின், சித்த மருத்துவத்தில் கோழைக்கும் இருமலுக்கும் வழங்கப்படும் ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்னும் ஆல்கலாய்டை அடிப்படையாகக் கொண்டு செயற்கை முறையில் உருவாக்கப்பட்டது.

நீளம் மாறும் மரபணு

புரதத்தில் மறுநிகழ்வு உள்ளதெனில், அதற்குரிய டி.என்.ஏ. வரிசையிலும் மறுநிகழ்வு இருக்கும். டி.என்.ஏ.வில் மூன்று காரங்கள் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிப்பதால், மியூசின் 1இன் 20 அமினோ அமில அலகுக்கு 60 காரங்கள் தேவை. இந்த 60 கார அலகு எத்தனை முறை மறுநிகழ்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஏறத்தாழ 20 முதல் 125 முறை வரை காணப்படுகிறது. ஒருவருக்குத் தாயிடமிருந்து வந்த பிரதியும் தந்தையிடமிருந்து வந்த பிரதியும் வெவ்வேறு நீளத்தில் இருப்பது மிக இயல்பானது.

இனச்செல்கள் உருவாகும்போது இணைக் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று பொருந்திப் பகுதிகளைப் பரிமாறிக்கொள்ளும். ஒரே வரிசை பல முறை வரும் இடத்தில், ஒன்றின் ஐந்தாவது அலகு மற்றதன் எட்டாவது அலகோடு பொருந்திவிடக் கூடும். அப்போது நிகழும் பரிமாற்றத்தில் ஒரு குரோமோசோம் சில அலகுகளைப் பெறுகிறது, மற்றது அவற்றை இழக்கிறது. டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது நேரும் வழுக்கலும் இதே விளைவைத் தருகிறது. அலகின் நீளம் மூன்றால் வகுபடுவதாக இருப்பதால், முழு அலகுகள் கூடினாலும் குறைந்தாலும் புரதம் நீள்கிறது அல்லது குறுகுகிறதே தவிர, அதன் பொருள் குலைவதில்லை. ஆகவே வேறு மரபணுக்களில் கேடாக முடியும் மாற்றத்தை மியூசின் மரபணு எளிதில் தாங்கிக்கொள்கிறது.

இந்த நெகிழ்ச்சி பரிணாமத்திலும் பயன்பட்டுள்ளது. 49 பாலூட்டி இனங்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2022இல் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, மியூசின் அல்லாத, புரோலின் மிகுந்த புரதங்கள் சர்க்கரை ஏறத்தக்க மறுநிகழ்வுகளைப் பெற்று மியூசின்களாக மாறியது, வெவ்வேறு வழிமரபுகளில் தனித்தனியாகப் பலமுறை நிகழ்ந்துள்ளது. ஒரே மூதாதை மரபணுவிலிருந்து கிளைத்தவை என்ற உறவு இல்லாமலேயே சில புரதங்கள் ஒரே தொழிலைச் செய்ய வந்து சேர்ந்தமைக்கு, மறுநிகழ்வு எளிதில் தோன்றிப் பெருகக்கூடியது என்பதே விளக்கம்.

கூடினாலும் குறைந்தாலும் நோய்

பெருங்குடலில் மியூசின் 2 இரண்டு அடுக்குகளாகப் படிகிறது: செல்களை ஒட்டிய உள்ளடுக்கு அடர்த்தியானது, பாக்டீரியாக்கள் நுழையாதது, வெளியடுக்கு தளர்ந்தது, பாக்டீரியாக்கள் வாழ்வது. சுவீடனைச் சேர்ந்த குன்னர் ஹான்சனின் குழு 2008இல் எலிகளில் இதை விளக்கியது; மியூசின் 2 இல்லாத எலிகளில் பாக்டீரியாக்கள் செல்களைத் தொட்டுக்கொண்டே இருந்தன. அத்தகைய எலிகளின் குடலில் காலப்போக்கில் புற்றுக்கட்டிகள் தோன்றுவது 2002இலேயே அறியப்பட்டிருந்தது. மனிதரின் பெருங்குடல் புண் அழற்சி நோயிலும் இந்த உள்ளடுக்கு நலிவடைந்து காணப்படுகிறது. வெளியடுக்கிலுள்ள சர்க்கரைகளை உண்டு வாழும் பாக்டீரியாக்களும் உண்டு. 2004இல் நெதர்லாந்தில் விவரிக்கப்பட்ட அக்கர்மேன்சியா மியூசினிஃபிலா அவற்றுள் ஒன்று. உணவில் நார்ப்பொருள் இல்லாதபோது குடல் பாக்டீரியாக்கள் சளியின் சர்க்கரையை மிகுதியாக நாடுவதால் படலம் மெலிகிறது என்பதை, 2016இல் எலிகளில் நடத்தப்பட்ட ஆய்வொன்று காட்டியது.

நுரையீரலில் இதற்கு நேர்மாறான நிலையையும் காண முடிகிறது. இன்ன காரணம் என்று அறியப்படாமல் நுரையீரல் திசு தழும்பேறி இறுகும் நோய்க்கு ஆளானவர்களில் பலரிடம், மியூசின் 5பி மரபணுவுக்கு முன்னால் சுமார் 3,000 காரங்கள் தள்ளி ஒரேயொரு காரம் மாறியிருப்பது 2011இல் கண்டறியப்பட்டது. அம்மாற்றம் புரதத்தின் வரிசையைத் தொடுவதில்லை. மரபணு இயங்கும் அளவை மட்டும் உயர்த்தி, மியூசின் 5பி மிகுதியாகச் சுரக்கச் செய்கிறது. ஐரோப்பிய வழிவந்தவர்களிடம் பரவலாகவும் கிழக்காசியரிடம் அரிதாகவும் காணப்படும் இம்மாற்றத்தை உடையவர்களில் மிகப் பலர் நோயின்றியே வாழ்கின்றனர் என்றாலும், நோய்க்கான வாய்ப்பு அவர்களுக்குப் பல மடங்கு கூடுகிறது. அதே மியூசின் 5பி அறவே இல்லாத எலிகள், மூச்சுப்பாதையைத் தூய்மை செய்ய இயலாமல் பாக்டீரியாத் தொற்றுக்கு ஆளாகி மடிவதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே அளவு கூடுவதும் குறைவதும் ஒரே புரதத்தின் வழியாக வெவ்வேறு கேடுகளாக முடிகின்றன.

புற்றுநோய்ச் செல்களில் மாறுவது அளவு மட்டுமன்று, சர்க்கரையும் ஆகும். அவற்றின் மியூசின் 1 பெரும்பாலும் குறுகிய, முற்றுப்பெறாத சர்க்கரைக் கிளைகளைத் தாங்கி நிற்பதோடு, செல்லின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டிய அது பரப்பெங்கும் பரவிவிடுகிறது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரிடம் அளக்கப்படும் சிஏ 15-3 என்னும் இரத்தக் குறியீடு, செல்லிலிருந்து கழன்று இரத்தத்தில் கலந்த மியூசின் 1 தான். சினைப்பைப் புற்றுநோய்க்குரிய சிஏ 125 என்னும் குறியீட்டை இனங்காணும் எதிர்ப்பொருளை ராபர்ட் பாஸ்டும் அவருடைய குழுவினரும் 1981இல் உருவாக்கினர். எனினும் அது எந்தப் புரதத்தைப் பற்றுகிறது என்பது, மியூசின் 16 மரபணு 2001இல் கண்டறியப்பட்ட பின்னரே விளங்கியது. மகப்பேற்றுக் காலத்திலும் கருப்பை சார்ந்த வேறு சில நிலைகளிலும் சிஏ 125 உயரக் கூடுமாகையால், அதை மட்டும் கொண்டு புற்றுநோய் என முடிவு செய்வதில்லை.

மறைந்திருந்த ஒரு சைட்டோசின்

மறுநிகழ்வு நோயையே மறைத்து வைக்கும் என்பதற்கு மியூசின் 1ஆல் விளையும் சிறுநீரக நோயைப் போலத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. சிறுநீரில் இரத்தமோ மிகுந்த புரதமோ வெளியேறாமல், வலியும் இல்லாமல், சிறுநீரகம் ஆண்டுக்கணக்கில் மெல்லச் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படும் நிலைக்கு வரும் இந்நோய், பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான பிரதி வந்தாலே போதும் என்னும் ஓங்கு முறையில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. சைப்ரஸ் தீவைச் சேர்ந்த குடும்பங்களை ஆராய்ந்து, பழுது முதலாம் குரோமோசோமில் உள்ளது என்பது 1998இல் நிறுவப்பட்டது. ஆயினும் மரபணு எது என்பது பதினைந்து ஆண்டுகளுக்குப் புலப்படவில்லை.

அக்காலத்தில் பரவிய அதிவேக டி.என்.ஏ. வாசிப்பு முறை, டி.என்.ஏ.வை நூறு, நூற்றைம்பது காரங்கள் கொண்ட துண்டுகளாகப் படித்து, பிறகு அவற்றை மாதிரி மரபணுத் தொகுதியோடு ஒப்பிட்டு உரிய இடத்தில் பொருத்துவது. 60 கார அலகு ஏறக்குறைய மாறாமல் பல பத்து முறை வரும் இடத்தில், ஒரு துண்டு எந்த அலகிலிருந்து வந்தது என்று சொல்ல இயலாது. மேலும் அப்பகுதியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் குவானின், சைட்டோசின் என்னும் காரங்களே நிறைந்திருப்பதால், துண்டுகள் படியெடுக்கப்படுவதும் குன்றிவிடுகிறது. 2013இல் அமெரிக்காவின் பிராட் நிறுவன ஆய்வாளர்கள், இப்பகுதியைத் தனியே பிரித்துப் பெருக்கிப் பழைய முறையில் நீளமாகப் படித்து ஒன்றுசேர்த்தபோதுதான் விடை கிடைத்தது: ஆராயப்பட்ட ஆறு குடும்பங்களிலும், ஏழு சைட்டோசின்கள் தொடர்ந்து வரும் இடத்தில் எட்டாவதாக ஒன்று கூடியிருந்தது. அது நேர்ந்த அலகு குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபட்டதால், ஒவ்வொன்றிலும் அது தனித்தனியே தோன்றியிருக்க வேண்டும் எனவும் தெரிந்தது.

முழு அலகுகள் கூடுவதைத் தாங்கும் மரபணு ஒரேயொரு காரம் கூடுவதைத் தாங்குவதில்லை. ஏனெனில் அவ்விடத்திலிருந்து மும்மூன்றாகப் படிக்கும் ஒழுங்கு ஒரு காரம் விலகி, பின்வரும் அமினோ அமிலங்கள் அனைத்தும் மாறிவிடுகின்றன. மற்ற மரபணுக்களில் இத்தகைய விலகல் நேர்ந்தால், சிறிது தொலைவிலேயே முற்றுக்குறி ஒன்று எதிர்ப்பட்டுப் புரதம் பாதியில் நின்றுவிடும். மியூசின் 1இலோ, விலகிய வாசிப்பிலும் ஓர் அலகில் முற்றுக்குறி இல்லையெனில் எந்த அலகிலும் இல்லை என்பதால், பிழையான வரிசையே மறுநிகழ்வாகி, நீண்டதொரு பிழைப் புரதம் உருவாகிறது. சவ்வில் ஊன்றும் முனையை இழந்த அப்புரதம் வெளியேறவும் இயலாமல் சிறுநீரக நுண்குழல்களின் செல்களுக்குள் தேங்கி, நாளடைவில் அச்செல்களை அழிக்கிறது. டிஎம்இடி9 என்னும் சரக்கேற்றிப் புரதம் இதைப் பிடித்து வைத்திருப்பதையும், அதனோடு இணையும் ஒரு சிறு மூலக்கூறு தேக்கத்தைக் கலைத்துப் பிழைப் புரதத்தைச் செல்லின் கழிவுறுப்புக்கு அனுப்பிவிடுவதையும், 2019இல் எலிகளிலும் ஆய்வகத்தில் வளர்த்த மனிதச் சிறுநீரகத் திசுவிலும் ஆய்வாளர்கள் கண்டனர்.

பல ஆயிரம் காரங்களை ஒரே மூச்சில் படிக்கும் நீள்வாசிப்புக் கருவிகள் வந்த பின், மியூசின் மரபணுக்களின் நடுப்பகுதிகளை முழுமையாக அறிய முடிகிறது. 2022இல் வெளியான இடைவெளியற்ற மனித மரபணுத் தொகுதிக்கும் அத்தகைய கருவிகளே துணைநின்றன. எனினும் மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யப்படும் மரபணுச் சோதனை இன்றும் பெரும்பாலும் குறுந்துண்டு வாசிப்பையே சார்ந்துள்ளது. ஆகவே, குடும்பத்தில் பலருக்குக் காரணம் புலப்படாத சிறுநீரகச் செயலிழப்பு இருந்து, சோதனையில் குறை ஏதும் இல்லை என முடிவு வந்தாலும், மியூசின் 1இன் மறுநிகழ்வுப் பகுதிக்கெனத் தனிச் சோதனை செய்யாத வரை அம்முடிவு முழுமையானதாகாது; உறவினர் ஒருவர் சிறுநீரகக் கொடை அளிக்க முன்வரும்போது அந்தத் தனிச் சோதனை கொடையாளருக்கும் இன்றியமையாததாகிறது.