கேம் சென்சார்: குற்றவாளியா, சாட்சியா?

2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரு நாள்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைகடந்து, திருநெல்வேலிச் சந்திப்பிலும் வண்ணார்பேட்டையிலும் கொக்கிரகுளத்திலும் தெருக்களுக்குள் புகுந்தது. வீடுகள் பட்ட பாட்டைப் பலரும் எழுதிவிட்டார்கள். தெருவில் நின்ற கார்கள் பட்ட பாட்டில் இயற்பியல் மாணவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதைப் பற்றியது இக்கட்டுரை.

எங்கள் கல்லூரியின் தமிழ்த்துறை நண்பர் ஒருவரின் கார் வண்ணார்பேட்டையில் பானெட் மட்டம் வரை தண்ணீரில் நின்றது. வெள்ளம் வடிந்தபின் சேற்றைக் கழுவி, ஆயிலை மாற்றி, இருக்கைகளைக் காயவைத்து ஓட்டத் தொடங்கினார். சில மாதங்கள் ஒரு குறையும் இல்லை. அடுத்த கோடையில் தொல்லை ஆரம்பித்தது. சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் ஐந்தாறு விநாடி சுற்றிய பிறகே எஞ்சின் உயிர்பெறும். டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். ஒர்க்ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள். ‘பி 0340’ என்ற குறியீடு வந்தது.

“கேம் சென்சார் போயிட்டு சார், மாத்திரலாம்” என்றார் மெக்கானிக். மாற்றினார்கள், விளக்கு அணைந்தது. இரண்டு வாரத்தில் மறுபடியும் எரிந்தது. “இது போலிச் சரக்கு போல” என்று இன்னொரு சென்சார் வாங்கி மாட்டினார்கள். அதுவும் ஒரு மாதம்தான். மூன்றாம் முறை தொல்லை வந்த இடம் பாபநாசத்திலிருந்து காரையாறு செல்லும் மலைப்பாதை. வண்டியில் நண்பரின் வயதான தாயார். ஒரு வளைவில் ஏறும்போது எஞ்சின் நின்றது. எஞ்சின் நின்றால் பிரேக் மிதிக்கு உதவும் வெற்றிட அமைப்புக்கும் ஊட்டம் நின்றுவிடும். தேங்கியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் காணும். பிறகு மிதி கட்டைபோல் இறுகிவிடும். கைபிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைத்துத் தப்பித்தார்கள்.

அந்தச் சென்சார் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான், இரண்டு முறை மாற்றியும் நோய் ஏன் தீரவில்லை என்பது விளங்கும்.

எந்தச் சுற்று என்று யார் சொல்வது?

பெட்ரோல் கார்களில் இருப்பது நான்கு வீச்சு எஞ்சின். உறிஞ்சுதல், அமுக்குதல், ஆற்றல், வெளியேற்றம் ஆகிய நான்கு வீச்சுகளும் முடிவதற்குள் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றிவிடும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டோ ஒரே ஒரு முறைதான் சுற்றும். கிராங்க் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது கேம் தண்டின் வேகம் 1,500.

கிராங்க் தண்டிலும் ஒரு பல்சக்கரமும் சென்சாரும் உண்டு. பல வண்டிகளில் 60 பற்களுக்குரிய சக்கரத்தில் இரண்டு பல் இல்லாமல் விட்டிருப்பார்கள். அந்த இடைவெளி வரும்போது பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கிறது என்பது கணினிக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஒரு சிக்கல். முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு ஏறுவது ஒவ்வொரு சுற்றிலும் நடக்கும். ஒரு சுற்றில் அது பெட்ரோல் கலந்த காற்றை அமுக்கிக்கொண்டு ஏறுகிறது. மறு சுற்றில் எரிந்த புகையை வெளியே தள்ளிக்கொண்டு ஏறுகிறது. இரண்டும் கிராங்க் சென்சாருக்கு ஒன்றே. பொறி விட வேண்டியது எந்தச் சுற்றில்? இதைச் சொல்லத்தான் கேம் சென்சார்.

பழைய அம்பாசடரில் இந்தக் கேள்விக்கு டிஸ்ட்ரிபியூட்டர் பதில் சொல்லிற்று. 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அந்தக் காரை அறிந்தவர்களுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் அதற்குள் சுழலும் ரோட்டரும் நினைவிருக்கும். கேம் தண்டால் சுழற்றப்பட்ட ரோட்டர், 1-3-4-2 என்ற வரிசையில் ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்தளித்தது. இன்றைய கார்களில் ரோட்டர் இல்லை. பகிர்ந்தளிக்கும் வேலையைக் கணினி செய்கிறது. ஆனால் கேம் தண்டு எங்கே நிற்கிறது என்ற செய்தி அதற்கும் வேண்டும். அவகாசமும் மிகக் குறைவு. 3,000 சுற்று வேகத்தில் கிராங்க் ஒரு பாகை திரும்ப ஆகும் நேரம் விநாடியில் 18,000-இல் ஒரு பங்கு.

தங்கரேக்கில் பிறந்த கருவி

இன்று பெரும்பாலான கேம் சென்சார்கள் ஹால் விளைவு என்னும் தத்துவத்தில் இயங்குகின்றன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த எட்வின் ஹால் 1879-இல் கண்டது இது. மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தம் தள்ளும் என்பது முன்பே தெரியும். அந்த விசை கம்பியின் மீதுதான், உள்ளே ஓடும் மின்னோட்டத்தின் மீது அல்ல என்று மாக்ஸ்வெல்லின் நூலில் எழுதியிருந்தது. மாக்ஸ்வெல்லே எழுதிவிட்டார் என்று ஹால் சும்மா இருந்துவிடவில்லை. கண்ணாடியின்மேல் ஒட்டிய மெல்லிய தங்கரேக்கில் மின்சாரத்தைச் செலுத்தி, அதைக் காந்தத்தின் முனைகளுக்கிடையே வைத்துப் பார்த்தார். ரேக்கின் இரு ஓரங்களுக்கிடையே மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றிற்று. எலெக்ட்ரான் என்றொரு துகள் இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. தாம்சன் அதைக் கண்டது அதற்கும் 18 ஆண்டுகள் கழித்து, 1897-இல்.

காரையாறு பேருந்து வளைவில் திரும்பும்போது பயணிகள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்வார்கள் அல்லவா? காந்தப்புலத்தில் நுழைந்த எலெக்ட்ரான்களும் அதுபோல ஒரு ஓரத்தில் நெருங்குகின்றன. நெருங்கிய ஓரம் எதிர்மின் தன்மையும், மறு ஓரம் நேர்மின் தன்மையும் பெறுகின்றன. உலோகத்தில் எலெக்ட்ரான்கள் ஏராளம் என்பதால் ஒவ்வொன்றும் மெதுவாகவே நகர்கிறது. ஆகவே விளைவு மிகச் சிறியது. சிலிக்கான் போன்ற குறைகடத்திகளில் மின்னூட்டத்தைச் சுமப்பவை இலட்சக்கணக்கான மடங்கு குறைவு. அதே மின்னோட்டத்துக்கு அவை அவ்வளவு வேகமாக ஓட வேண்டும். விளைவும் அவ்வளவு பெரிதாகும். அதனால்தான் தங்கத்தில் கண்ட விளைவு குறைகடத்திகள் வந்த பிறகே கருவியாகப் பயன்பட்டது.

சென்சாரின் மூக்கில் ஒரு சிறு காந்தமும் அதன் முன்னே ஹால் சில்லும் இருக்கின்றன. கேம் தண்டில் உள்ள இரும்புப் பல் எதிரே வந்தால் காந்தப்புலம் செறிகிறது. பள்ளம் வந்தால் தளர்கிறது. உள்ளிருக்கும் சிறு மின்சுற்று இந்த ஏற்ற இறக்கத்தைத் ‘திற, மூடு’ என்ற இரண்டே நிலைகளாக மாற்றுகிறது. சென்சாரில் மூன்று ஒயர்கள்: ஒன்று 5 வோல்ட் ஊட்டம் (சில வண்டிகளில் 12), ஒன்று எர்த், மூன்றாவது செய்தி. செய்தி ஒயரில் கணினி ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட்டை வைத்திருக்கும். சென்சார் அதை எர்த்தோடு இணைக்கும்போது பூஜ்யத்துக்கு இறங்கும். விடும்போது 5-க்கு ஏறும்.

இரண்டு ஒயர் மட்டும் உள்ள வகையும் உண்டு. அது ஃபாரடே 1831-இல் கண்ட தூண்டல் தத்துவப்படி இயங்கும் வெறும் கம்பிச்சுருள். சுருள் அறுந்திருக்கிறதா என்று அதை ஓம்மீட்டரால் பார்க்கலாம். மூன்று ஒயர் சென்சாரில் ஓம்மீட்டரை வைப்பது பயனற்ற வேலை; உள்ளே இருப்பது மின்னணுச் சுற்று.

குறியீடு சொல்வது என்ன?

நம் நாட்டில் 2013 முதல் பாரத் நிலை 4 கார்களில் விரிவான தற்சோதனை அமைப்பு கட்டாயமாயிற்று. அதன் குறியீடுகள் உலகெங்கும் பொது. பி 0340-இன் பொருளைக் கவனமாகப் படிக்க வேண்டும். ‘கேம் சென்சார் கெட்டது’ என்று அது சொல்லவில்லை. ‘கேம் சென்சார் சுற்றில் கோளாறு’ என்றுதான் சொல்கிறது. சுற்று என்றால் சென்சார், கப்ளர், ஒயர்கள், கணினி எல்லாம் அடக்கம். கணினிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: எதிர்பார்த்த செய்தி வரவில்லை. ஒருவர் வாக்குமூலம் கொடுக்க வரவில்லை என்பதற்காக அவரையே குற்றவாளி என்று கூண்டில் ஏற்றினால் எப்படி?

செய்தி அடியோடு நின்றுபோனால் பல கார்கள் சமாளித்துக்கொள்ளும். கணினி உத்தேசமாகப் பொறி விட்டுப் பார்க்கும்; அதனால்தான் கிளம்பத் தாமதம். ஆனால் அரைகுறையான செய்தி வந்தால் கணினி அதை நம்பித் தவறான நேரத்தில் பொறி விடக்கூடும். மலைப்பாதையில் நடந்தது இதுவே என்று நினைக்கிறேன்.

வண்டியைக் கல்லூரிக்குக் கொண்டுவரச் சொல்லி, மெக்கானிக் அண்ணாச்சியையும் அழைத்தேன். “ஒயரையும் பாத்தாச்சு சார். கப்ளரைக் கழத்திட்டு மீட்டர் வெச்சேன், சுத்தமா அஞ்சு வோல்ட் வருது” என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அளந்த முறையில்தான் பிழை. கப்ளரைக் கழற்றிவிட்டால் சுற்றில் மின்னோட்டமே இல்லை. மின்னோட்டம் இல்லாத இடத்தில் மின்தடை எவ்வளவு இருந்தாலும் அழுத்தம் குறையாது. மல்டிமீட்டரின் உள்தடையோ 10 மெகா ஓம். வழியில் நூறு ஓம் தடை இருந்தால் அதற்குத் தெரியவே தெரியாது.

எனவே கப்ளரை மாட்டியபடியே அதன் பின்புறமாக மெல்லிய குண்டூசியைச் செருகி அளந்தோம். (ஒயரின் உறையைக் குத்தக் கூடாது, அந்தத் துளை வழியே ஈரம் புகும்.) இக்னிஷனைப் போட்டு, மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் எதிர்முனையில் வைத்தோம். ஊட்ட ஒயரில் 5 வோல்ட், சரி. எர்த் ஒயரில் பூஜ்யமோ, மிஞ்சினால் 0.1 வோல்ட்டோ இருக்க வேண்டும். இருந்தது 1.4.

அடுத்து, இன்ஜெக்டர் கப்ளர்களையும் இக்னிஷன் காயில் கப்ளர்களையும் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் போட்டு எஞ்சினை அது ஓடும் திசையிலேயே மெதுவாகத் திருப்பினோம். செய்தி ஒயரில் மீட்டர் 5-க்கும் பூஜ்யத்துக்கும் மாறி மாறித் தாவ வேண்டும். அது 5-க்கும் 1.6-க்கும் இடையே தாவிற்று. தாவுகிறது என்றால் சென்சார் வேலை செய்கிறது என்று பொருள். கீழ்நிலை முழுமையாக இறங்காததுதான் கோளாறு.

எர்த் ஒயரில் ஓடிய மின்னோட்டத்தையும் அளந்தோம்: 15 மில்லி ஆம்பியர். இனி ஓம் விதி. 1.4-ஐ 0.015-ஆல் வகுத்தால் 93 ஓம். ஒரு ஓம் கூட இருக்கக் கூடாத வழியில் 93 ஓம்! ஒயரைத் தொடர்ந்து சென்றோம். பேட்டரித் தட்டுக்குக் கீழே, எஞ்சின் ஒயர்களைக் கணினி ஒயர்களோடு இணைக்கும் நடுக் கப்ளர் ஒன்று இருந்தது. திறந்தால் ஒரு பின்னில் பச்சைக் களிம்பு. வீட்டில் புளி போட்டுத் தேய்க்காத செப்புக் குடத்தில் ஏறும் அதே களிம்பு. செம்பின் பெயர் கொண்ட ஆறு, செம்புக் கம்பியில் தன் அடையாளத்தை விட்டுப் போயிருந்தது.

சென்சாரை மாற்றியபோதெல்லாம் சில நாள் சரியானதேன்? ஸ்கேனரால் குறியீட்டை அழித்ததும் விளக்கு அணையத்தான் செய்யும். ஒயரிங்கை இப்படியும் அப்படியும் அசைத்ததில் களிம்பு உரசி, தொடர்பும் கொஞ்சம் மேம்பட்டிருக்கும்.

சென்சாரே கெட்டிருந்தால்

மேற்கண்ட அளவுகள் எல்லாம் சரியாக இருந்து, எஞ்சினைத் திருப்பியும் செய்தி ஒயர் அசையாமல் நின்றால் குற்றம் சென்சாருடையதுதான். அப்படியும் நடப்பதுண்டு. எஞ்சினின் வெப்பத்திலேயே கிடந்து, விரிந்தும் சுருங்கியும் உள்ளே உள்ள நுண்ணிய இணைப்பு விட்டுப்போகும். சூடானால் நிற்பதும், அரை மணி ஆறவிட்டால் கிளம்புவதும் இதன் அறிகுறி. பி 0016 என்ற குறியீடு வந்தால் பார்வை வேறு பக்கம் போக வேண்டும்: அது கிராங்க்குக்கும் கேமுக்கும் பொருத்தம் தவறியதைச் சொல்வது, டைமிங் செயின் நீண்டிருக்கலாம். அங்கே சென்சாரை மாற்றிப் பயனில்லை. செயினைக் கவனிக்காவிட்டால் எஞ்சினே பாழாகலாம்.

மாற்றும் வேலை எளிது. எஞ்சின் ஆறிய பிறகு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். சென்சாரைச் சுற்றியுள்ள அழுக்கைத் துடைக்காமல் கழற்றினால் அது எஞ்சினுக்குள் விழும். கப்ளரின் பூட்டை அழுத்தி இழுத்து, ஒரே ஒரு போல்ட்டை எடுத்துவிட்டால், சென்சாரை இப்படி அப்படித் திருகிக் கையாலேயே உருவலாம். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்து பாதி உள்ளே தங்கிவிடும். கழற்றிய மூக்கில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் எச்சரிக்கை: உள்ளே ஏதோ தேய்கிறது. புதியதன் ரப்பர் வளையத்தில் ஒரு துளி எஞ்சின் ஆயிலைத் தடவி, நேராக அழுத்தி, உட்கார்ந்த பிறகே போல்ட்டை முடுக்க வேண்டும். போல்ட்டால் இழுத்து உட்காரவைக்கக் கூடாது. மூக்குக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். சென்சார் சாய்ந்து நின்றால் அது கெட்டுவிடும். சில வண்டிகளில் ஸ்கேனரால் புதுச் சென்சாரைக் கணினிக்கு அறிமுகம் செய்ய வேண்டியிருக்கும்.

நண்பரின் வண்டியில் அந்த ஒரு பின்னை மட்டும் மாற்றி, கப்ளருக்குள் மின்தொடர்புகளுக்கான கிரீஸ் இட்டு மூடினோம். எர்த் ஒயரில் இப்போது 0.02 வோல்ட். பிறகு அவர் வீட்டுப் பரணில் கிடந்த இரண்டு பழைய சென்சார்களையும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஊட்டத்துக்கு 5 வோல்ட், ஊட்டத்துக்கும் செய்திக்கும் இடையே ஒரு கிலோ ஓம் மின்தடை, செய்தி முனையில் மல்டிமீட்டர். மூக்கின் முன்னே ஒரு ஸ்குரூ டிரைவரைக் காட்டி எடுத்தால் முள் 5-க்கும் பூஜ்யத்துக்கும் தாவிற்று. இரண்டும் நன்றாகவே இருந்தன. ஒன்றை ஹால் விளைவு பாடத்துக்காக நான் வைத்துக்கொண்டேன். மற்றொன்றை அண்ணாச்சி கேட்டு வாங்கிப் போனார். கூடவே அந்த மின்தடையின் விலையையும் விசாரித்துக்கொண்டார்.