தோல்நோய்களுக்கு எண்ணெய்: பயனும் வரம்பும்

இருவகை எண்ணெய்கள்

தோலில் பூசப்படும் தாவர எண்ணெய்கள் தன்மையால் முற்றிலும் வேறுபட்ட இரண்டு வகையின. விதையையும் பருப்பையும் செக்கிலிட்டு ஆட்டிப் பெறும் தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவை கொழுப்பு அமிலங்களால் ஆனவை. ஆவியாகாமல் தோலிலேயே தங்குபவை. இலை, பூ, பட்டை ஆகியவற்றை நீராவியில் வடித்தும், பழத்தோலைப் பிழிந்தும் எடுக்கப்படும் லாவெண்டர், டீ ட்ரீ, நீலகிரித் தைலம், எலுமிச்சம்புல் எண்ணெய் போன்றவையோ கொழுப்பற்றவை. எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள்களின் செறிந்த கலவைகளாகிய இவையே நறுமண எண்ணெய்கள் எனவும், கடை வழக்கில் எசென்ஷியல் ஆயில் எனவும் வழங்கப்படுகின்றன. செறிவு மிகுந்த இவற்றை நேரே பூசினால் தோல் எரிந்து புண்படும் என்பதால் முதல் வகை எண்ணெயில் சில துளிகளே கலந்து பயன்படுத்துகின்றனர். அவ்வாறு தாங்கி நிற்பதால் முதல் வகைக்குத் தாங்கு எண்ணெய் என்று பெயர். விற்பனை விளம்பரங்கள் நறுமண எண்ணெயையே மருந்தாகவும் தாங்கு எண்ணெயை வெறும் கலவைப் பொருளாகவும் காட்டுகின்றன. வறண்டு அரிக்கும் தோலைப் பொறுத்தவரை உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது.

தோலின் காப்பும் கொழுப்பு அமிலங்களும்

தோலின் மேலடுக்கில் இறந்த உயிரணுக்கள் செங்கற்கள்போல் அடுக்கப்பட்டிருக்க, செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் சாந்துபோல் அவற்றின் இடைவெளியை நிரப்பி, உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும் வெளியிலுள்ள கிருமிகளும் ஒவ்வாமைப் பொருள்களும் உள்ளே நுழையாமலும் காக்கின்றன. கரப்பான் எனப்படும் ஒவ்வாமைத் தோலழற்சி உள்ளவர்களிடம் இக்காப்பு பலவீனமாக இருக்கிறது. இந்த அடுக்கை உருவாக்க உதவும் ஃபிலாகிரின் என்ற புரதத்திற்கான மரபணுவில் ஏற்படும் குறைபாடு இந்நோய்க்கு ஒரு முக்கியக் காரணம் என்பது 2006-இல் கண்டறியப்பட்டது. இத்தகைய தோலில் பூசப்படும் எண்ணெய் நீரிழப்பைத் தடுப்பதோடு, அதிலுள்ள கொழுப்பு அமிலத்தைப் பொறுத்துக் காப்பைச் சீர்செய்யவோ சிதைக்கவோ செய்கிறது.

லினோலியிக் அமிலம் தோலின் காப்புக்குத் துணைசெய்வது. ஓலியிக் அமிலம் அக்காப்பை நெகிழ்த்தி ஊடுருவுவது. முதலாவது சூரியகாந்தி எண்ணெயிலும் இரண்டாவது ஆலிவ் எண்ணெயிலும் மிகுதி. ஒரு முன்கையில் ஆலிவ் எண்ணெயையும் மறு முன்கையில் சூரியகாந்தி எண்ணெயையும் நாளைக்கு இருமுறை ஆறு துளி வீதம் நான்கு வாரம் பூசிப் பார்த்து, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், ஆலிவ் எண்ணெய் பூசிய கையின் காப்பு பலவீனமடைந்து இலேசாகச் சிவந்ததும், மற்றக் கைக்கு அத்தீங்கு நேராததும் தெரியவந்தன. குழந்தைகளுக்கு ஆலிவ் எண்ணெய் உயர்ந்தது என்று கருதி அதிக விலை கொடுத்து வாங்கும் பெற்றோர் இதனைக் கருத்தில் கொள்வது நல்லது. டாக்காவின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசியபோது, மருத்துவமனையில் தொற்றும் கிருமிநோய்கள் அவர்களுக்கு 41 விழுக்காடு குறைவாக ஏற்பட்டதை 2005-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி, கிருமிகளை ஒடுக்கும் ஆற்றலுள்ள லாரிக் அமிலம். கரப்பான் உள்ள 117 குழந்தைகளிடம் பிலிப்பைன்ஸில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், எட்டு வாரம் பூசியபின் நோயின் கடுமை கனிம எண்ணெய் பூசிய குழுவில் 38 விழுக்காடும், சூடாக்காமல் எடுத்த தேங்காயெண்ணெய் பூசிய குழுவில் 68 விழுக்காடும் தணிந்திருந்தது.

பூசும் முறையிலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டு எண்ணெய்க் குளியலில் முதலில் எண்ணெய் தேய்த்துப் பிறகு சீயக்காயோ அரப்போ இட்டு அதனை அகற்றிவிடுவது வழக்கம். கரப்பான் உள்ள தோலுக்கு இவ்வரிசை பொருந்தாது; சூடு மிகாத நீரில் குளித்து, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன்பே எண்ணெய் பூசி அப்படியே விட்டுவிடுவதே நீரைத் தோலில் நிறுத்திவைக்கும்.

பொடுகும் முகப்பருவும்

தலை காய்ந்திருப்பதால்தான் பொடுகு வருகிறது என்று கருதி மேலும் மேலும் எண்ணெய் வைப்பது பரவலான பழக்கம். பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற பூஞ்சையோ கொழுப்பு அமிலங்களை உண்டே வளர்கிறது. லாரிக் அமிலமும் அதற்கு உணவாகும். எனவே செதிலும் அரிப்பும் உள்ள தலையில் இரவு முழுவதும் எண்ணெய் ஊறவிடுவது பூஞ்சைக்கு உணவிடுவதேயாகும். நெற்றியோரத்தில் மட்டும் சிறு பருக்கள் வரிசையாக அரும்பும் இளைஞர்களிடமும் தலையிலிருந்து வழியும் எண்ணெயே காரணமாக இருப்பதுண்டு.

நறுமண எண்ணெய் ஒன்றுக்கு ஓரளவு உறுதியான சான்று கிடைப்பது இவ்விரு கோளாறுகளில்தான். ஆஸ்திரேலிய மரமொன்றின் இலையிலிருந்து வடிக்கப்படும் டீ ட்ரீ எண்ணெயை 5 விழுக்காடு சேர்த்த களிம்பு, 1990-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் முகப்பருவுள்ள 124 பேரிடம் பென்சாயில் பெராக்சைடு என்ற வழக்கமான மருந்தோடு ஒப்பிடப்பட்டது. இரண்டுமே பருக்களைக் குறைத்தன. டீ ட்ரீ எண்ணெய் மெதுவாகச் செயல்பட்டாலும் அதன் பக்கவிளைவுகள் குறைவாக இருந்தன. அதே செறிவுள்ள ஷாம்பூவை நான்கு வாரம் பயன்படுத்தியவர்களிடம் பொடுகு 41 விழுக்காடும், மருந்தில்லாத ஷாம்பூ பயன்படுத்தியவர்களிடம் 11 விழுக்காடும் குறைந்ததை 2002-ஆம் ஆண்டு ஆய்வு பதிவுசெய்தது.

நறுமணத்தால் நேரும் தீங்கு

லாவெண்டரிலுள்ள லினலூல், எலுமிச்சை வகைகளிலுள்ள லிமோனீன் ஆகியவை காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது தோல் ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களாக மாறுகின்றன. டீ ட்ரீ எண்ணெயும் பழையதானால் அவ்வாறே ஆகும். ஆதலால் பாதி தீர்ந்து மாதக்கணக்கில் சன்னலோரம் கிடக்கும் புட்டியிலுள்ள எண்ணெயைத் தோலில் பூசலாகாது. பெர்கமாட், எலுமிச்சை ஆகியவற்றின் பழத்தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால், அதிலுள்ள ஃபியூரனோகூமரின் என்ற பொருள் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து கொப்புளத்தையும், நெடுநாள் மறையாத கருமையையும் உண்டாக்கும்.

முப்பது மில்லி தாங்கு எண்ணெயில் நறுமண எண்ணெய் ஆறு துளி கலந்தால் ஏறத்தாழ 1 விழுக்காட்டுக் கலவை கிடைக்கும். தொல்லை தரும் தோலுக்கு இதனை மிஞ்ச வேண்டியதில்லை. கலவையை முழங்கையின் உட்புறத்தில் சிறிய இடத்தில் மட்டும் நாளைக்கு இருமுறை ஒரு வாரம் பூசிப் பார்ப்பதே முறையான சோதனை. தோல் ஒவ்வாமை இரண்டு மூன்று நாள் தாமதித்தும் தோன்றும் என்பதால் ஒரு மணி நேரச் சோதனையால் பயனில்லை. கைக்குழந்தைகளுக்கு நறுமண எண்ணெய் எதுவும் வேண்டாம். தேங்காயெண்ணெயைச் சூடாக்கிக் கற்பூரம் கரைத்து அரிப்புக்கும் சளிக்கும் தடவும் வீட்டு வழக்கமும் கைவிடத்தக்கதே. கற்பூரம் தோல்வழியே உடலில் சேரக்கூடியது, சிறு குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கக்கூடியது.

காளாஞ்சகப்படையும் வெட்பாலைத் தைலமும்

சொரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படை நோயெதிர்ப்பு மண்டலத்தின் பிறழ்ச்சியால் வருவது. சிலருக்கு மூட்டுகளையும் தாக்குவது. இதற்குச் சித்த மருத்துவத்தில் பெயர்பெற்றது வெட்பாலைத் தைலம். பசிய வெட்பாலை இலைகளை நறுக்கித் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் சில நாள் வைக்க, எண்ணெய் சிறிது சிறிதாக நிறம் மாறிக் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகிறது. தடித்த செதில்களை இது மென்மையாக்குகிறது, அரிப்பையும் தணிக்கிறது. இதனைத் துணை மருந்தாகக் கொள்வதே தகும். மூட்டுவலியோ உடலெங்கும் சிவப்போ தோன்றியபின் இதனையே நம்பி நாளைக் கடத்துதல் ஆபத்தானது. கடுமையான நறுமண எண்ணெய்களை இந்நோயில் தொடவே கூடாது. புண்பட்ட இடத்தில் புதிய படை முளைப்பது இதன் இயல்பு.

மூலிகைத் தைலம் அல்லது களிம்பு என்ற பெயரில், உட்பொருள் குறிப்பிடாமல் விற்கப்படுபவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. நெடுநாள் படை மூன்று நான்கு நாளில் மறைந்து, நிறுத்தியதும் முன்னிலும் கடுமையாகத் திரும்பினால் அந்தக் கலப்பையே ஐயுற வேண்டும்.

உணர்ச்சியற்ற படை

தொழுநோய்க்கு நீரடிமுத்து இன விதைகளின் எண்ணெய் நெடுங்காலம் பயன்பட்டது. 1854-இல் கல்கத்தாவில் மோவாட் என்ற மருத்துவர் அதனை மேலை மருத்துவத்திற்கு அறிமுகப்படுத்தினார். 1915-இல் ஹவாயில் அலிஸ் பால் என்ற இளம் வேதியியலாளர் அதனை ஊசிவழி செலுத்தத்தக்க வடிவில் பிரித்தெடுத்தார். 1940-களில் டாப்சோன் என்ற மருந்து வந்தபின் அந்த எண்ணெய் வழக்கிலிருந்து விலகியது. ஆயினும் தொழுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடிய வெளிறிய படைக்கு எண்ணெய் தேய்த்துக் காலம் கடத்துவோர் இன்றும் உள்ளனர். தொட்டாலும் குத்தினாலும் உணர்ச்சியில்லாத படை எதுவாயினும் எண்ணெய்ப் புட்டியைத் தள்ளிவைத்து உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே வழங்கப்படுகிறது.