பாதைகள் பல, களஞ்சியம் ஒன்றே

ஒருகொடவத்தைக்கு வருவதற்கு வழிகள் பல உள. பேஸ்லைன் வீதியாலும் வரலாம். 2021 நவம்பரில் திறந்துவைக்கப்பட்ட புதிய களனிப் பாலத்தின் மேம்பாலக் கிளை வழியாகவும் வந்திறங்கலாம். ஒரு வீதி நெரிசலில் முடங்கினாலும் அங்குள்ள கொள்கலன் முற்றங்களை மற்றொரு வீதியால் சென்றடையலாம். கணனி வலையமைப்பிலும் இத்தகைய ஏற்பாடொன்று உண்டு.

ஓர் அலுவலகத்தின் கோப்புகளைச் சேவையகம் ஒன்றில் வைத்து, பல கணனிகளிலிருந்து பயன்படுத்த உதவும் முறைகளுள் என்.எவ்.எஸ். என்பது முக்கியமானது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் உருவாக்கிய இம்முறையின் ஆரம்பப் பதிப்புகளில், சேவையகத்தின் ஏனைய முகவரிகளைக் கேட்டறிய வழி இருக்கவில்லை. தெரிந்த ஒரு முகவரிக்கான இணைப்பு அறுந்தால், சேவையகம் பழுதின்றி இருந்தும் பணிகள் ஸ்தம்பித்துவிடும்.

2010இல் வெளியான 4.1 பதிப்பு இக்குறையைப் போக்க வழிவகுத்தது. முதல் முகவரியில் இணைந்துகொள்ளும் கணனி, இக்கோப்புத் தொகுதியை அடைய வேறு முகவரிகள் உளவா எனச் சேவையகத்திடமே வினவ முடியும். கிடைக்கும் பட்டியலிலுள்ள ஒவ்வொரு முகவரியுடனும் தொடர்புகொண்டு, மறுமுனையில் உள்ள சேவையகத்தின் அடையாளத்தைக் கேட்டுப் பெறுகின்றது. அவ்வடையாளம் ஒத்திருந்தால் மாத்திரமே அவற்றை ஒரே சேவையகத்தின் பல வாயில்களாகக் கொள்கின்றது.

இச்சரிபார்ப்பு வீண் சம்பிரதாயமன்று. வெவ்வேறான இரு சேவையகங்களை ஒன்றெனத் தவறாகக் கருதினால், ஒன்றில் இடப்பட்ட கோப்புப் பூட்டை மற்றையது அறியாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிட நேரும்.

எனினும், முகவரிகள் பலவாக இருப்பதனாலேயே தரவுகள் பாதுகாப்பாக உள்ளன எனக் கருதுவது பெருந்தவறாகும். 2023 ஓகஸ்ட் மாதத்தில் எமது நாட்டின் அரச கணனிக் கட்டமைப்பு கப்பம் கோரும் வைரஸ் தாக்குதலுக்கு இலக்கானபோது, சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாதவாறு இழக்கப்பட்டன. இணைப்பிலிருந்த காப்புப் பிரதிகளும் தாக்குதலில் சிக்கின. வலையமைப்புக்கு வெளியே பிரதிகள் வைக்கப்பட்டிருக்கவில்லை. அவ்வேளையில் எத்தனை பாதைகள் இருந்திருந்தாலும் அவை யாவும் வெறுமையான களஞ்சியத்துக்கே இட்டுச் சென்றிருக்கும்.

பாதைகளைப் பெருக்குவது சேவை தடைப்படாதிருப்பதற்காக. பிரதிகளைப் பிறிதோரிடத்தில் பேணுவது தரவுகள் அழியாதிருப்பதற்காக. திணைக்களங்களும் வைத்தியசாலைகளும் வர்த்தக நிறுவனங்களும் இவ்விரண்டையும் தனித்தனியே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.